பூஜையில் வைத்த இன்சுலின் பேனா

ஆயுத பூஜை வந்தால் எங்கள் ஓசூரில் பொட்டு வாங்காமல் தப்பிக்கும் பொருள் எதுவும் கிடையாது. லேத் மிஷின், கம்பெனி பஸ், செக்யூரிட்டியின் டார்ச் லைட் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக நிற்கும். அன்று கம்பெனி பூஜையை முடித்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். பையை வைத்துவிட்டுக் குளித்து வருவதற்குள் என் இன்சுலின் பேனாவும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் படுத்திருந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த மாற்றுப் பேனாவையும் அம்மா விட்டுவைக்கவில்லை.

பள்ளிக்கூட நாளிலேயே வந்த சர்க்கரை நோய் எனக்கு. மாத்திரைக்கெல்லாம் அடங்காது. சாப்பிடும் முன் இந்தப் பேனாவால் ஊசி போட்டே ஆக வேண்டும்.

"உனக்கு ஆயுதம்னா அதுதானே கண்ணு," என்றாள் அம்மா. "அடுத்த வருஷம் இது தேவைப்படக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

"சரிம்மா, பசிக்குது. எடுத்துக்கறேன்."

"ஐயோ, தொடாத! பூஜையில வெச்சத நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டிட்டுத்தான் எடுக்கணும். ஒரு நாளு அதுக்கும் ரெஸ்ட் குடு."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பெங்களூரில் என்னைப் பார்க்கும் டாக்டர் ஒருமுறை சொன்னார், இன்சுலின் சுரக்கும் செல்களையே உடம்புக்குள் வைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது, எப்போது கைக்கு வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று. "வர்றப்போ உங்க கண்ணும் கிட்னியும் நல்லா இருக்கணும். அதைப் பார்த்துக்கங்க." அன்றிலிருந்து அதுதான் என் முழுநேர வேலை. வராத வைத்தியத்துக்குக் காத்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அது வந்து நிற்கும் நாளில் நான் கெட்டுப்போன உடம்போடு கைகட்டி நிற்க மாட்டேன்.

ஆனால் அம்மாவிடம் கத்த வாய் வரவில்லை. அவளும் எனக்காகத்தானே வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, எங்க கம்பெனியில அலுமினியம் உருக்கற ஃபர்னஸ் இருக்குல்ல? இன்னிக்கு எல்லா மிஷினையும் நிறுத்தினாங்க. அத மட்டும் நிறுத்தல."

"பூஜைக்குக் கூடவா?"

"நிறுத்தினா உள்ள இருக்கறது இறுகிப்போயிடும். அப்புறம் உடைச்சுதான் எடுக்கணும். அதனால அது ஓடறப்பவே பொட்டு வெச்சு, ஓடறப்பவே கற்பூரம் காட்டுவாங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல."

அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தானே பேனாவை எடுத்து, முந்தானையால் சந்தனத்தைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து வயிற்றில் போட்டுக்கொண்டேன். நான் பேனாவை மூடும் வரை அவள் கற்பூரம் ஏற்றி அதற்குக் காட்டிக்கொண்டே நின்றாள்.

பூரியைத் தட்டில் வைக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "அந்தப் புது வைத்தியம் எப்ப வருமாம்?"

"தெரியாதும்மா."

"வர்றப்ப வரட்டும்," என்று இன்னொரு பூரியை வைத்தாள். "ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி மறந்துடாத."