ஈத்தாள் ஒட்டிய யன்னல்

செய்த குற்றத்துக்கு விழும் அடி இரண்டு நாளில் ஆறிவிடும். செய்யாத குற்றத்துக்கு விழுந்த அடி ஆறுவதே இல்லை. எனக்கு அது ஒன்பது வயதில் விழுந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் நினைத்தால் காது சூடாகிறது.

அந்த வருடம் மாமா குவைத்திலிருந்து வந்திருந்தார். உம்மாவின் தம்பி. வாப்பா அறுவடைக்காக வயல்வாடியில் தங்கியிருந்ததால் வீட்டின் அதிகாரம் முழுவதும் மாமாவின் கைக்குப் போயிருந்தது. வந்த மறுநாள், கோப்பியில் விழுந்த ஈயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உம்மாவிடம் கேட்டார்:

“ராத்தா, இது என்ன ஊடா, மீன் சந்தையா?”

எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. கச்சான் காற்றுக் காலத்தில் மணலில் கருவாடு காயும். அதை மொய்த்து வயிறு நிறைந்த ஈக்கள் இளைப்பாற எங்கள் வீட்டைத்தான் தேர்ந்தெடுக்கும். ஒரு கை சோறு தின்ன, மற்றக் கை ஈ விரட்டும். அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். மாமாவுக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அவர் தன் பெட்டிக்குள் கையை விட்டுக் ஒரு கட்டு ஈத்தாள்களை எடுத்தார். இரண்டிரண்டாக முகம் பொருத்தியிருந்த தாள்கள். பிரித்தால் உள்ளே தேன் நிறத்தில் பசை. பின்பக்கத்து நான்கு மூலைக்கும் கோதுமை மாப்பசை தடவி, முன்கூடத்து யன்னல் கண்ணாடியில் ஆள் முக உயரத்துக்கு ஒட்டினார். வீட்டில் தெருவைப் பார்த்த ஒரே கண்ணாடி யன்னல் அதுதான். மற்றவை எல்லாம் பலகை.

“ஈ வெளிச்சத்தத் தேடிப் போற சாதி. நடு ஊட்டுக்குள்ள தொங்கப்போட்டா நாலுதான் அம்புடும். யன்னல்ல ஒட்டினா முழுக்க அம்புடும்.”

அவர் சொன்னது சரிதான். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் தாள் கறுத்துவிட்டது. நிறைந்த தாளைக் கழற்றி எரித்துப் புதியதை ஒட்டும் பொறுப்பை மாமா எனக்குத் தந்தார். ஒழுங்காகச் செய்தால் பொத்துவிலில் இருந்த சாச்சி வீட்டுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவதாகவும் சொன்னார். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து, காலை உதறும் ஈக்களைப் பெருமையோடு காட்டினேன்.

நாலாம் நாள் தொடக்கம் தாளுக்கு ஏதோ நடந்தது. நான் நேராக ஒட்டிய தாள் பள்ளிக்கூடத்தால் வரும்போது கோணலாக இருக்கும். ஒருநாள் ஒரு மூலை கிழிந்திருந்தது. இன்னொருநாள் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. “விளையாட்டுச் சாமான் இல்ல அது,” என்று உம்மா என்னை இரண்டு தடவை எச்சரித்தார்.

மூன்றாவது தடவை எச்சரிக்கையோடு போகவில்லை. அன்று மாமா மாவடிப்பள்ளிக்குப் புறப்பட்டார், எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேச. வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு, சப்பாத்துப் போடுவதற்காக யன்னலோரக் கதிரையில் சற்று உட்கார்ந்து எழும்பிப் போயிருக்கிறார். கதிரையில் கிடந்த ஈத்தாளும் அவரோடு எழும்பிப் போயிருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனதால் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் ஒரு சின்னப் பிள்ளை, “மாமாட பின்னால ஈ!” என்று கத்தியதாம்.

நான் பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகத்தை வைக்கக்கூட உம்மா விடவில்லை.

“நீதானே புடுங்கிக் கதிரைல போட்ட?”

“நான் இல்ல உம்மா. வல்லாஹி நான் இல்ல.”

“பொய்ச் சத்தியம் வேறயா!”

அகப்பைக் காம்பு முறியும்வரை அடி. பொய் கதைக்கிற பிள்ளையைப் பொத்துவிலுக்குக் கூட்டிப்போக முடியாது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். ராத்தா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்தாவுக்குப் பதினைந்து வயது. பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் முதலாம் பிள்ளை. வாப்பாவுக்கு நிறுத்த மனமில்லை என்று பிறகு அறிந்தேன். ‘குமரை ரோட்டில் விடவேண்டாம்’ என்று குவைத்திலிருந்து கடிதம் எழுதியவர் மாமா. எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. கணக்கு வாத்தியாரிடம் தப்பிய அதிர்ஷ்டக்காரி என்றே அவளை நினைத்திருந்தேன்.

கள்ளனைப் பிடித்தே தீருவது என்று மறுநாள் விடிந்ததும் கூடத்து நெல்மூடைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஏழு மணியிருக்கும். ராத்தா வந்தாள். சுற்றிப் பார்த்தாள். தாளின் நான்கு மூலைகளையும் நகத்தால் மெல்லக் கிளப்பி, கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள்.

“கள்ளி! நீதானா?”

துடித்துத் திரும்பினாள். “மெதுவாக் கதை. உனக்கு என்ன வேணும்? என்ட எழுதுற பேனை வேணுமா? எடு.”

“எனக்குப் பேனை வேணாம். நீ உம்மாக்கிட்டச் சொல்லு.”

“சொல்றன். இண்டைக்கு வேணாம். மாமா இருக்காரு.”

யாரைப் பார்க்கிறாள் என்று நானும் எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. பெரிய பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள்தான் வெள்ளை உடுப்போடு போய்க்கொண்டிருந்தார்கள். அவளோடு படித்தவர்கள். அதிலே பார்க்க என்ன இருக்கிறது? எனக்குக் கோபம் கூடியது. இதற்காகவா என் முதுகு வீங்கியது?

நான் உம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். உம்மாவும் வந்தார், மாமாவும் வந்தார். நான் கண்டதை ஒன்று விடாமல் சொன்னேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

“ரோட்டில ஆரப் பாத்த?”

“ஒருத்தரையும் இல்ல மாமா.”

“ஆரெண்டு கேக்கன்!”

அவள் அழத் தொடங்கினாள். கண்ணால் கண்ட சாட்சி நான் அல்லவா? நான் முன்னுக்குப் போய், “ஓம் மாமா, ஒருத்தரும் இல்ல. பள்ளிக்கூடத்துப் பொம்புளப் புள்ளைகள்தான் போனாங்க. நானும் பாத்தன்,” என்றேன்.

“பெரியவங்க கதைக்கக்குள்ள நீ வாயப் பொத்து.”

நேற்று உண்மை சொன்னேன், நம்பவில்லை. இன்றும் உண்மை சொன்னேன், இன்றும் நம்பவில்லை. அவருக்கு வேண்டியது ஓர் ஆம்பிளையின் பெயர். அது கிடைக்காததால் அப்படி ஒருவன் இருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அன்று பகலே பச்சைப் பெயிண்ட் வாங்கிவந்து யன்னல் கண்ணாடி முழுவதற்கும் பூசினார். உம்மா பெயிண்ட் சிந்தாமலிருக்க நிலத்தில் பழைய பேப்பர் விரித்துக் கொடுத்தார். ராத்தா அந்தப் பக்கம் வரவில்லை. கூடம் இருண்டது. வெளிச்சம் இல்லாத யன்னலுக்கு ஈயும் வரவில்லை. அவை பழையபடி எங்கள் கோப்பிக்கும் கறிக்கும் வந்தன. ஈயைப் பற்றி அவ்வளவு தெரிந்த மாமாவும் ஒரு கையால் ஈ விரட்டிக்கொண்டு மற்றக் கையால் தின்றார். பொத்துவில் பயணம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்தேன். ராத்தா அடுக்களையில் சுளகோடு இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை உயர்த்தாமலே கேட்டாள்:

“காலைல அவங்களக் கண்டயா?”

“ஆர?”

“என்ட வகுப்புப் புள்ளைகள.”

“ஓம். வாசல்ல நின்ட நான். கண்டன்.”

“எங்கட ஊட்டுப் பக்கம் பாத்தாங்களா?”

“இல்லயே. சோதினைக்குப் பாடமாக்கிக்கிட்டுப் போனாங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல.”

“சரி,” என்றாள். சுளகை ஒரு தடவை தட்டிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அவளால் அல்லவா நான் அடி வாங்கினேன்? ஒரு மன்னிப்புக் கேட்பாள் என்று அடுக்களை வாசலிலேயே நெடுநேரம் நின்றேன். கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவளோடு கதைக்காமல் இருந்தேன்.