நன்றாகக் குளிரட்டும்

எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்கு ஹீட்டர் உண்டு. வெஸ்ட் வின்ட்சரில் குளிர் தலைகாட்டியதும் தமிழ் வீடுகளில் தொட்டிகள் உள்ளே வந்துவிடும். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்குகிறோம். கோபிச்செட்டிபாளையத்தில் அதே செடி பாத்திரம் கழுவின தண்ணீரில் மரமாக நின்றது. ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அமெரிக்கா வந்ததும் அதற்கு இவ்வளவு கொழுப்பு.

போன வருடம் இன்னொரு தொட்டியும் சேர்ந்தது. மகள் நிலா வாங்கி வந்த ஸ்பைஸ்புஷ். இந்த ஊர்க் காட்டுப் புதர். இலையைக் கசக்கினால் எலுமிச்சையும் மிளகும் கலந்த மாதிரி வாசம். குழம்புக்கு ஆகாததை எதற்கு மண்ணில் வைப்பது என்று நான் கத்தியதில் தொட்டியிலேயே கிடந்தது. ஆகஸ்டில் அவள் கலிஃபோர்னியாவுக்குப் படிக்கப் போனாள். கிளம்பும்போதும் சண்டைதான். செடியைக் காட்டி, "அப்பா, ப்ளீஸ், டோன்ட் கில் இட்" என்றாள். அதற்குப் பிறகு அம்மாவிடம் மட்டும்தான் பேச்சு.

அதனால் அக்டோபரில் அதையும் உள்ளே தூக்கி, கறிவேப்பிலைக்கு ஜோடியாக ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். புளித்த மோர்கூட ஊற்றினேன். இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. நடந்தால் காலடியில் அந்த வாசம், ஏதோ கனவுக்குள் நடக்கிற மாதிரி.

"கொன்னுட்டீங்க" என்றாள் மனைவி சுமதி.

வெட்கத்தை விட்டு நானே மகளை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, இட்ஸ் நாட் கறிவேப்பிலை. இட்ஸ் ஃப்ரம் ஹியர். இட் நீட்ஸ் த கோல்ட்."

செடிக்குக் குளிர் வேண்டுமாம். அவளும் இங்கே பிறந்தவள்தான். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பூத்தால் படம் அனுப்பச் சொன்னாள். அவள் அம்மாவை இல்லை, என்னை.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினேன். பக்கத்து வீட்டு மைக் வேலியோரம் வந்து, தொப்பியைக் கழற்றி, உங்கள் நாய்க்காக வருந்துகிறேன் என்றார். எங்களிடம் நாயே கிடையாது. தேங்க் யூ என்று சொல்லி வைத்தேன்.

இப்போது சத்தமில்லாமல் பனி கொட்டுகிறது. அந்தக் குழியில் நட்ட செடி வெறும் குச்சியாக நிற்கிறது. கணுக்களில் கடுகு மாதிரி மொட்டு. நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை, அதே வாசம். வீட்டுக்குள் வந்து அதே விரலால் ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ளினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, வெளியே நன்றாகக் குளிரட்டும் என்று ஜன்னலோரம் நின்றேன்.