இன்னொரு கண் நன்றாகத்தான் இருக்கிறது

ஸ்டியரிங்கைப் பிடிப்பது கை என்றாலும், பஸ்ஸை ஓட்டுவது கண்தான்.

நன்னிலத்திலிருந்து கிராமம் கிராமமாகச் சுற்றிவரும் ஒரு தனியார் மினி பஸ்ஸில் நான் டிரைவராக இருந்தவன். பெயர் கலியமூர்த்தி. இப்போது வலது கண்ணில் பார்வை இல்லை. அதன்பிறகு நான் அதிகம் பார்த்தது ரோட்டை அல்ல, ஆபீஸ்களைத்தான். நீங்களும் மனுவை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவரா? அப்படியென்றால் நாம் ஒரே வண்டியில் போகிறவர்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், சொல்கிறேன்.

சுணை

எங்கள் பக்கம் அறுப்புக் காலத்தில் தார் ரோடுதான் களம். ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். மீதிப் பாதியில் வைக்கோல் லாரி வரும். இரண்டுக்கும் நடுவே, நெல்லிலும் ஏறாமல் லாரியிலும் உரசாமல் பஸ்ஸைக் கொண்டுபோவதுதான் நான் படித்த படிப்பு. அந்த சம்பா அறுப்பில், முன்னால் போன லாரியிலிருந்து ஒரு தூசு ஜன்னல் வழியாக வந்து வலது கண்ணில் விழுந்தது. நெல் சுணை, உமி மேலே இருக்கிற பொடி முள். வண்டியை ஓரங்கட்டிக் கண்ணைக் கழுவிக்கொண்டு மீதி டிரிப்பையும் முடித்தேன். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டதில் எரிச்சல் அடங்கின மாதிரி இருந்தது. சில நாளில் கருவிழியில் வெள்ளை பூத்துவிட்டது. தஞ்சாவூரில் கண் டாக்டரிடம் போனபோது, பூஞ்சை பிடித்து உள்ளே புண்ணாகிவிட்டது என்றார். புண்ணை ஆற்றினார். பார்வையைக் கொண்டுவர அவரால் முடியவில்லை.

ஒரு கண் போனவர் ஆளை ஏற்றிப்போகிற வண்டி ஓட்டக் கூடாது என்று லைசென்ஸ் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், நான் சண்டை போடவில்லை. சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டதற்கு, அது வேற ஆபீஸ் என்றார்கள். பஸ் முதலாளி ராவுத்தர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவரிடம் மட்டும், ஓட்டிக் காட்டுகிறேன் முதலாளி, ஒரு டிரிப் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் பழப் பையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீ ஓட்டுவே கலியமூர்த்தி, எனக்குத் தெரியும். ஏறுற சனத்துக்கு அது தெரியணுமே."

ஆறுக்கு ஆறு

எத்தனை சதவீதம் ஊனம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால்தான் உதவித்தொகைக்கு மனுவே போட முடியும். அதற்கு ஒரு முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் காலையிலிருந்து வரிசை. என் முறை வந்தபோது கண் டாக்டர் வலது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் இடது கண்ணுக்கு வந்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். பஸ் டிரைவர் இல்லையா, பெருமையாகக் கடகடவென்று படித்துவிட்டேன். அதற்கும் கீழே சின்னதாக, பலகை அச்சடித்த கம்பெனியின் பெயர் இருந்தது. அதையும் சேர்த்துப் படித்தேன். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டக் கூடாத இடம் அது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முப்பது சதவீதம் என்று எழுதினார். உதவிக்கு நாற்பதாவது வேண்டுமே சார் என்றேன். ஒரு கண் முழுதாகப் போனாலும் சட்டப்படி முப்பதுதான், கூட எழுத அவர் கையில் ஒன்றும் இல்லை என்று பொறுமையாகவே விளக்கினார். நல்ல மனிதர். நான் எழுந்தபோது தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, உண்மையான பொறாமையோடு சொன்னார்:

"உங்க இன்னொரு கண்ணு ஆறுக்கு ஆறு. எனக்கே அப்படிக் கிடையாது."

மாற்றுத்திறன்

முப்பது என்றாலும் மனு கொடுத்துப் பார்ப்போம் என்று தாலுகா ஆபீஸ் போனேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எல்லா ஊரிலும் அதே மேசைதான். அதற்குள் செல்வி, என் மனைவி, களை எடுக்கப் போக ஆரம்பித்திருந்தாள். ப்ளஸ் டூ முடித்த மகள், காலேஜெல்லாம் வேண்டாம், கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் சொன்னேன். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, பஸ் ஓட்டுவதைத் தவிர என்னென்ன வேலை என்னால் முடியும் என்று விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினார். வாட்ச்மேன், டீக்கடை, மளிகைக்கடை, கோழி வளர்ப்பு. இரண்டு கையும் நிறைந்த பிறகும் அவரிடம் வேலைகள் மிச்சம் இருந்தன. ஒன்றுகூட அவர் கொடுக்கிற வேலை இல்லை. "வேறு வேலை செய்யும் தகுதி உள்ளவர்" என்று என் மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாற்றுத்திறனாளி என்ற சொல்லுக்கு எனக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது: மாற்று வேலைக்குத் திறன் உள்ள ஆளி. நான் கும்பிட்டுவிட்டு வாசல்வரை வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். மனசு மாறிவிட்டாரோ என்று ஓடினேன்.

"தையல் மெஷின் சொல்ல விட்டுட்டேன், அதையும் யோசிங்க."

டீ ஆற்றியது

சரி, அவர் சொன்னதையே செய்து பார்ப்போம் என்று பேருந்து நிலையத்துக்கு எதிரே என் மச்சான் ரவி வைத்திருக்கும் டீக்கடையில் நின்றேன். ஒற்றைக் கண் ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு கண்ணில் எல்லாம் தெரியும், தூரம் மட்டும் தெரியாது. கிளாஸ் தெரியும், அது கைக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறதா அரைச் சாணா என்பது தெரியாது. மேலேயிருந்து நான் ஊற்றிய டீ, கிளாஸுக்கு இந்தப் பக்கம் அழகாக, நூல் பிடித்த மாதிரி மேசையில் விழுந்தது. தினமும் வருகிற பெரியவர் ஒருவர், உரக்கடையில் கணக்கு எழுதுகிறவர், வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் நின்றிருந்தார். முதல் நாள் ஒதுங்கிக்கொண்டார். இரண்டாவது நாள் ஒதுங்க நேரமில்லை. ரவி வாய் திறக்கவில்லை, அக்கா புருஷன் என்ற மரியாதை. வேட்டியை உதறிக்கொண்டு பெரியவர்தான் சொன்னார், கோபமே இல்லாமல்:

"வாசனையா இருக்கு தம்பி. குடிச்சுப் பாக்கத்தான் குடுத்து வைக்கலை."

செல்வி கட்டிய துணி

டீக்கடையை விட்டு வந்த கதையைச் செல்வியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துவிட்டு உள்ளே வந்தால், பழைய புடவைத் துணியைக் கிழித்து வலது கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். என்ன கூத்து இது என்று கேட்டேன். வேலையைப் பாருங்கள் என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கண் வலி என்று நினைத்துத் தள்ளி நின்று பேசிவிட்டுப் போனாள். நான் திண்டாடுவதைச் சிரிப்பாகக் காட்டுகிறாளோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கஞ்சியை வடிக்கும்போது பாதி அடுப்பில் ஊற்றினாள். குழம்பு மூடியை எடுக்கப் போன கை காற்றைப் பிடித்தது. களை எடுக்கப் போக வாசல்படி இறங்கும்போது கால் தப்பி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அடி ஒன்றுமில்லை. துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஆபீஸ்ல சொன்ன மாதிரி, வேற வேலை பாக்கலாமேன்னுதான் நானும் இத்தனை நாளா மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு இருந்தேங்க."

வரலாம், வரலாம்

அடுத்தது வாட்ச்மேன். ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் செய்கிற வேலை. எனக்குப் பழகின உலகம் என்று சந்தோஷமாகத்தான் போனேன். முகூர்த்த நாள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர் புதுக் காரைப் பின்னுக்கு எடுத்தார். நான் பின்னால் நின்று கையை ஆட்டி, வரலாம், வரலாம், இன்னும் இடமிருக்கு என்றேன். எனக்குத் தெரிந்தவரை இடம் இருந்தது. காருக்குத் தெரிந்தவரை அங்கே தண்ணீர்த் தொட்டி இருந்தது.

பஸ் ஓட்டிய காலம் முழுக்க ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நான் உரசியதில்லை. அதை அங்கே யாரிடம் சொல்வது? கார்க்காரர் என்னைத் திட்டவில்லை. நசுங்கின இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மண்டப மேனேஜரிடம் நிதானமாகக் கேட்டார்:

"இவரு மினி பஸ் டிரைவரா இருந்தாருங்கிறீங்களே, அதுல போனவங்கல்லாம் நல்லா இருக்காங்களா?"

உட்கார்ந்து செய்கிற வேலை

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். மறுபடி ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மாள், நடவுக்குப் போகிறவர். லாரி இடித்து இடுப்பு எலும்பு விலகியதில் குனிய முடியாது. அவருக்கும் சதவீதம் பத்தவில்லையாம். குனிகிற வேலை வேண்டாம், உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாருங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என் கதையையும் கேட்டுக்கொண்டார். இருவருக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு ஊனம் தேறும்போலிருக்கிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் முறை வந்தபோது மேசைக்கு முன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"குந்திக்கிட்டே நாத்து நடுற வயலு எந்த ஊர்ல இருக்குன்னு சொல்லுங்க, நாளைக்கே போறேன்."

விசாரணை

கடைசியில் வழிகாட்டியவர் ராவுத்தர்தான். பேருந்து நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு நேரம் பார்த்து அனுப்புகிற டைம் கீப்பர் வெளிநாடு போய்விட, அந்த இடத்துக்கு மற்ற முதலாளிகளிடம் பேசி என்னை உட்கார வைத்தார். சுவரில் கடிகாரம், வாயில் விசில். தூரம் பார்க்க வேண்டியதில்லை, நேரம் பார்த்தால் போதும். வீட்டில் ஜவுளிக்கடைப் பேச்சு நின்றது. மகள் திருவாரூரில் காலேஜில் சேர்ந்தாள். செல்வி களை எடுப்பதை நிறுத்தவில்லை, கையில் பழக்கம் வந்துவிட்டது என்கிறாள். ஒன்றே ஒன்றுதான் சங்கடம். நான் ஓட்டிய மினி பஸ் தினமும் எனக்கு முன்னால் வந்து நிற்கும். புது டிரைவர் நல்ல பையன், அண்ணே என்று கூப்பிடுவான். அவனை நான்தான் விசில் அடித்து அனுப்ப வேண்டும். முதல் சில நாட்கள் விசிலில் காற்று வரவில்லை.

வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் திங்கட்கிழமை மனுவை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் தேடிக்கொண்டு வந்தார். வீட்டில் கேட்டு, நேரே பேருந்து நிலையத்துக்கே வந்துவிட்டார். வலது பக்கமாக வந்ததால் அவரை நான் பார்க்கவில்லை, பக்கத்தில் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார். ஏதோ எழுதி மனுவை முடித்து வைத்தார். டீ சாப்பிடுங்கள் சார் என்றேன். வேண்டாம் என்று என் தோளில் தட்டிக்கொடுத்து, மனசார மகிழ்ந்து சொன்னார்:

"பாத்தீங்களா, வேற வேலை செய்ய முடியும்னு நாங்க எழுதினது சரியாத்தானே போச்சு?"

ஆக, என் போன கண்ணை ஒரு ஆபீஸ் பார்த்தது, இருக்கிற கண்ணை இன்னொரு ஆபீஸ் பார்த்தது, இரண்டுக்கும் நடுவே இருந்த ஆளைப் பார்க்கத்தான் எந்த ஆபீஸுக்கும் கண் போதவில்லை.