மதில்மேல் உறைந்த பூனை

பென்சில் அழிப்பானால், கணினிக்குள் செருகும் கார்டின் பொன்னிற விளிம்பை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருக்கிறார் அத்தான். தேய்ப்பார், ஊதுவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்ப்பார். தொழிலில் பல் டாக்டர். "பல்லா இருந்தா இந்நேரம் புடுங்கிப் போட்டிருப்பேன் மச்சான்" என்பார். நான் டார்ச் பிடிப்பவன். அதையும் தப்பான இடத்தில் பிடிப்பவன்.

மேஜைமேல் மூடி கழன்று கிடப்பது அக்காவின் கல்லூரிக் காலத்துக் கணினி. ஒரு பூனை மதில்மேல் நடக்கும் குறும்படத்தை அதில்தான் அவள் படம் படமாக வரைந்தாள். கணினி அப்போதே மந்தம். பூனை ஓர் அடி வைத்துவிட்டு அடுத்த அடிக்கு யோசிக்கும். அதற்காகவே வேகத்தைக் கூட்டும் இந்தக் கார்டைத் தேடிப்பிடித்துச் செருகினார் அத்தான். வேகம் வந்தது, நிதானம் போனது. பாதி மதிலில், ஒரு காலைத் தூக்கியபடியே பூனை உறைந்துவிடும்.

இதற்குள் அக்காவின் தோழிகளை ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க அழைத்தாகிவிட்டது. அழைத்தவரும் அவரே. "ஊர் வாயெல்லாம் பாக்கறேன், என் வாயை மூடத் தெரியல பாரு."

சூடுதான் காரணம் என்று விசிறி பொருத்தினார். பூனை நின்றது. மின்சாரம் தரும் பெட்டியை மாற்றினார். இரண்டடி தள்ளி வந்து நின்றது. அதற்கே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அதை நானே மறந்துட்டேன். விட்டுடுங்களேன்."

அவள் போனதும் அவர் குரல் இறங்கியது. "மறக்கல மச்சான். என்கிட்ட முதமுதலா அவ பேசினதே இந்தப் பூனையைப் பத்தித்தான். நான்தான் இன்னும் முழுசாப் பார்த்ததில்ல."

சனிக்கிழமை, வேறு வழி தெரியாமல், கார்டின் வேகத்தைத் தீர்மானிக்கும் சின்னஞ்சிறு செருகியை ஒரு படி கீழே இறக்கினார். பூனை நிற்காமல் நடந்தது. மறுபடி ஓட்டினார், மறுபடியும் நடந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "வேகத்துக்குன்னு வாங்கிட்டு, மெதுவாப் போடா சாமின்னு கெஞ்ச வேண்டியதாப் போச்சு!"

ஞாயிறு மாலை கூடம் நிறைய ஆட்கள். பூனை மதிலின் கோடிவரை நடந்து, திரும்பிப் பார்த்து, சோம்பல் முறித்து, அந்தப் பக்கம் குதித்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க!" என்று தோழிகள் கூவினார்கள்.

"இன்னொரு தடவை பாதியில நின்னுட்டா என்ன பண்றது மச்சான்?" என்று என் காதில் சொன்னார் அத்தான். சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்துக் கணினியை நன்றாகப் போர்த்தி மூடினார்.