லசீசி தரையில் விழுந்த பத்தொன்பது வினாடி

ஒகேபாடே மெக்கானிக் பேட்டையில் நசுங்கிய கார் கதவை லசீசியைப் போல நிமிர்த்த ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். இப்போது அதே வாய்கள் வேறு ஒன்று சொல்கின்றன. யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கள் யோருபா வழக்கப்படி மூத்த பிள்ளை பெயரைச் சேர்த்துப் பிசோலாவின் அப்பா, ‘பாபா பிசோலா’தான். அந்த மரியாதையை மட்டும் இன்னும் பிடுங்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் ஒருவன் சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்து, கதவில் டிங்கரிங் வேலை பார்த்துக் கறுப்பு பெயின்ட் அடிக்கச் சொன்னான். லசீசி அடித்துக் கொடுத்தார். அவன் பெயரையும் போன் நம்பரையும் வழக்கம்போல நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாவது வாரம் அதே காரில் நாலு பேர் போய் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைக் கொள்ளையடித்துக் காவலாளியையும் சுட்டுவிட்டார்கள். போலீஸ் காரைப் பிடித்தது, காரை வைத்து நாலு பேரையும் பிடித்தது. பெயின்ட் அடித்த லசீசியை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் ஆளைப் பிடித்தால் கோர்ட்டுக்கு முன்னால் கேமராவுக்குத்தான் கொண்டுபோவார்கள். வெயிலில் வரிசையாக நிறுத்தி, எதிரே மேசை போட்டு, பிடிபட்ட சாமான்களைப் பரப்பிவைப்பார்கள். அன்றைக்கு மேசையில் இரண்டு துப்பாக்கி, தாயத்துகள், எட்டு செல்போன். அவற்றோடு லசீசியின் சுத்தியலும் இருந்தது. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பாவம், சுத்தியலும் கொலைகாரக் களையோடுதான் தெரியும்.

நரைத்த தலையோடு பெரிய அதிகாரி வெளியே வந்தார். லசீசிக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒரு பழக்கம் உண்டு. எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். பெரியவரைக் கண்டால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். பெரியவர் கோபமாக இருந்தால் முதலில் விழுந்து கெஞ்சிவிட்டுப் பிறகுதான் நியாயம் பேச வேண்டும், நியாயம் முழுக்க நம் பக்கம் இருந்தாலும் சரி. லசீசி மார்பு தரையில் பட விழுந்தார்.

“ஐயா, மன்னிச்சுக்கங்கய்யா. கோவிச்சுக்காதீங்கய்யா” என்றார்.

பிறகு எழுந்து, “நான் பெயின்ட் மட்டுந்தான் அடிச்சேன், அவன் நம்பர்கூட நோட்டுல இருக்கு” என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் கேமராக்கள் பக்கத்து ஆளிடம் போய்விட்டன. ஊருக்குக் கிடைத்தது விழுந்ததும் மன்னிப்பு கேட்டதும்தான். மொத்தம் பத்தொன்பது வினாடி வீடியோ, போன் போனாகப் பரவியது.

“ஒண்ணும் பண்ணாதவன் எதுக்கு விழுந்து மன்னிப்பு கேக்குறான்?” என்றாள் பேட்டை வாசலில் அக்கரா வடை சுடுகிறவள். தினமும் காலையில் வீட்டுக்காரருக்கு மண்டியிட்டுவிட்டுக் கடை திறக்கிறவள் அவள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னவர்களில் ஒருவர்கூடக் காக்கிச் சட்டைக்கு முன் நிமிர்ந்து நின்றவர் இல்லை.

விசாரணைக் கைதியாக மூன்று வருடம் நாலு மாதம் போனது. கடைசியில் நீதிபதி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நம்பர் கொள்ளைக்காரனுடையதுதான். லசீசி மறைத்தது எதுவும் இல்லை, இவருக்கு எதிராக ஒரு சாட்சியும் இல்லை, விடுதலை என்று எழுதினார். அன்றைக்குக் கோர்ட்டுக்கு ஒரு கேமராவும் வரவில்லை. லசீசி முத்திரை போட்ட நகல் வாங்கி லேமினேட் செய்துகொண்டு, பட்டறை இடத்தைத் திரும்பக் கேட்கப் பேட்டைக்குப் போனார். அந்த இடம் இல்லாவிட்டால் அவருக்குப் பிழைப்பே கிடையாது.

மூன்று தடவை அலைக்கழித்த பிறகு பேட்டை மெக்கானிக் சங்கத் தலைவர், ஹஜ் போய்வந்த அலாஜி தேஸ்லிம், தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார். முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

“பாபா பிசோலா, உன்னைத் திருடன்னு நாங்க சொல்லலப்பா. சனங்க சொல்லுது” என்றார் அலாஜி.

“கோர்ட்டு இல்லைன்னு சொல்லுதே அலாஜி.” லசீசி நகலை நீட்டினார்.

அலாஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார். “சாட்சி இல்லைன்னுதானே எழுதியிருக்கு? செய்யலைன்னா எழுதியிருக்கு?”

“ஒண்ணும் செய்யாதவனுக்கு எங்கேருந்து அலாஜி சாட்சி வரும்?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். பாட்டரி கடைக்காரர் சுலைமானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. லசீசியின் இடத்தில் இப்போது அவருடைய பழைய பாட்டரிகள்தான் அடுக்கியிருக்கின்றன.

“பேச்சை வளத்த வேணாம்” என்றார் அலாஜி. “பேட்டைப் பேரு கெட்டுப்போச்சு. எல்லார் முன்னாடியும் ஒரு தடவை விழுந்து மன்னிப்பு கேட்டுடு. நாளைக்கே வந்து பட்டறையைத் திறந்துக்க.”

லசீசியின் முழங்கால் தானாகவே மடங்கப் பார்த்தது. பழக்கம் அப்படி. அப்போதுதான் இரண்டாவது வரிசையில் சுலைமான் சட்டை நுனியால் செல்போன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார். முழங்காலை இறுக்கிக்கொண்டு நின்றார்.

“உங்களுக்கு மரியாதைக்கு விழச் சொன்னா இப்பவே விழறேன் அலாஜி. மன்னிப்புக்குன்னா மாட்டேன். போன தடவை விழுந்த எடத்துலேருந்து நான் இன்னும் எந்திரிக்கவே இல்ல.”

சுலைமான்தான் முதலில் பேசினார். “பாத்தீங்களா திமிரை? நல்லவனாயிருந்தா பெரியவர் முன்னாடி இப்படி வெறைச்சுக்கிட்டு நிப்பானா? அந்தக் கூட்டத்தோட பழகின நெஞ்சு இது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று விழுந்ததால் திருடன், இன்று விழாததால் திருடன். இடம் சுலைமானுக்கே என்று முடிவாயிற்று.

“விழுந்து தொலைச்சிருந்தா வயித்துக்காவது ஆயிருக்கும்” என்றாள் மனைவி, அடுப்பில் அமலா களியைக் கிளறிக்கொண்டே.

“வீடியோ எடுக்க ரெடியா இருந்தான்டி.”

“எடுத்துட்டுப் போறான். ஏற்கெனவே ஒண்ணு ஓடுது. இன்னொண்ணு ஓடினா உனக்கென்ன புதுசாவா மானம் போவப்போவுது?”

மறுவாரம் லசீசி இபாதான் நகருக்குப் போகும் சாலையோரம் ஒரு பழைய குடையை நட்டு, சுத்தியலும் பள்ளம் பூசும் பட்டி டப்பாவும் வைத்து உட்கார்ந்தார். சுத்தியல் கடன் வாங்கியது. அவருடையது இன்னும் போலீஸிடம்தான் இருக்கிறது. குடைக்கம்பில் லேமினேட் செய்த தீர்ப்பைக் கட்டித் தொங்கவிட்டார். ஐந்து வாரம் ஈ காக்கை அண்டவில்லை. வண்டிகள் வேகத்தைக் குறைக்கும், உள்ளே இருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடி வேகமெடுப்பார்கள்.

ஆறாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியில் ஒருவன் வாடகை பைக்கில் வந்து இறங்கினான். நேரே வந்தான். செம்மண் புழுதியில் அந்த வெள்ளை அங்கியோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

நாலு வருடத்தில் ஒருவரும் லசீசி முன் தலைகூடக் குனிந்ததில்லை. “எந்திரிங்க தம்பி, எந்திரிங்க, துணி பாழாகுது” என்று கைபிடித்துத் தூக்கி, இருந்த ஒரே முக்காலியைத் துடைத்துப் போட்டார். “என்ன வண்டி? எங்க அடி வாங்கியிருக்கு?”

வந்தவன் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “வண்டியே இல்ல பாபா. போன வியாழக்கிழமை தூக்கிட்டாங்க. நீங்க உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா திரும்ப வந்துடும்னு பேட்டையில சொன்னாங்க.”

லசீசி குடைக்கம்பில் தொங்கிய தீர்ப்பைக் காட்டினார். வந்தவன் எழுந்து போய், முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் நிதானமாக வாசித்தான். திரும்பியபோது அவன் முகத்தில் மரியாதை இன்னும் கூடியிருந்தது.

“அதனாலதான் பாபா உங்ககிட்டயே வந்தேன். கோர்ட்டாலயே உங்களை ஒண்ணும் பண்ண முடியலையே” என்று சொல்லி, மறுபடியும் தரையில் விழுந்தான்.