திருப்பி வைத்த முட்டைகள்

பேரீச்சம்பழ அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள். தோல் போல மெத்தென்ற ஓடு. பிரியாணி வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், ஈரமான தேங்காய் நார்த்தூளில் பாதி புதைந்து கிடந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி. அந்த டப்பாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் கோபம் என் மீதுதான்.

திருக்கோகர்ணத்தில் என் வீட்டு மாடியில் தங்கை குடியிருக்கிறாள். கணவரை இழந்தவள். ஒரே மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது, தான் ஆசையாக வளர்த்த சிறுத்தைப் பல்லி ஜோடியை அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனான். மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்ட வெளிநாட்டுப் பல்லிகள். சுவர்ப் பல்லி சத்தமிட்டாலே சகுனம் பார்க்கிற தெருவில், அவற்றுக்குப் புழுவும் பூச்சியும் போட்டு வளர்த்தாள். "பேரப்புள்ளயக் கொஞ்சுற வயசுல பல்லிய வச்சுக் கொஞ்சுறாளே" என்று எதிர்வீட்டுக்காரி சிரிப்பாள். "ஒங்க வீட்டு ஆளுகளவிட இதுக சத்தம் கம்மிதான்க்கா" என்பாள் தங்கை.

மகன் எப்போதாவதுதான் போன் செய்வான். பெண் பல்லி முட்டையிட்டதும் அது மாறியது. டப்பாவைக் காட்டச் சொல்லி அன்றாடம் வீடியோவில் வந்தான். முட்டையை உருளாமல் எடுப்பது, புள்ளி வைப்பது, தெர்மாகோல் பெட்டியில் சூடு குறையாமல் காப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவளும் பயந்து பயந்து கற்றுக்கொண்டாள். முட்டையைப் பார்த்த கையோடு "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகவே அவள் அந்தப் பெட்டியின் சூட்டை, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கந்தர்வக்கோட்டையில் அவள் கொழுந்தனார் வீட்டுக் கல்யாணம் வந்தது. சில நாள் தங்கவேண்டும். "அண்ணே, ஓரத்துல தண்ணி மட்டும் தெளிங்க. முட்டையத் தொட்டுறாதீங்க. புள்ளி மேலயே இருக்கணுமாம்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோழி அடை வைக்கிற வீட்டில் வளர்ந்தவன். கோழி தன் முட்டைகளை அலகால் திருப்பிக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். பல்லிக்கு மட்டும் வேறு நியாயமா? செல்போனில் பார்த்ததை வைத்து இந்தப் பையன் எனக்குச் சொல்வதா? காலையும் மாலையும் முட்டைகளைத் திருப்பி வைத்தேன். அவள் வருகிற அன்று மட்டும் புள்ளி மேலே தெரியும்படி மாற்றினேன். செய்தது சரி என்று நம்பியிருந்தால் அதை ஏன் மறைக்கவேண்டும்?

பல்லி முட்டையில் கரு மேற்புறம் ஒட்டி வளரும், புரட்டினால் செத்துப்போகலாம் என்பதைப் பிறகுதான் படித்தேன். முட்டைகள் குழிந்து, பூஞ்சை பிடித்து நாறிய பிறகு.

அன்று வீடியோவில் மகன் கத்தினான். "ஒரு டப்பாவப் பாத்துக்கத் தெரியலையா ஒனக்கு? நீ தொட்டா எதும்மா வெளங்கிருக்கு?" பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது? அதைவிட, பக்கத்திலேயே நின்ற நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? "நாந்தான் தண்ணிய கூட ஊத்திட்டேன் போலப்பா" என்று அவள் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

போன் வருவது நின்றது. பல்லிகளை நண்பனிடம் கொடுத்துவிடச் சொல்லி மெசேஜ் மட்டும் வந்தது, கொடுத்துவிட்டாள். அதன் பிறகு எதிர்வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கக்கூட அவள் முன்வருவதில்லை. "வேணாம்க்கா, எனக்கு ஒண்ணும் சரியா வராது" என்று நகர்ந்துவிடுவாள்.

போன வாரம் தாங்காமல் நானே அவனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். "அட, அது பல்லி முட்டதானே மாமா, விடுங்க. நானே மறந்துட்டேன்" என்று சிரித்தான். மறந்துவிட்டானாம்!

மாடி ஏறினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம், முட்டையைப் புரட்டியவன் நான்தான் என்றேன். திட்டட்டும் என்று நின்றேன். மடித்த துண்டை மறுபடி விரித்தாள்.

"அப்ப நான் கெடுக்கலையாண்ணே?"

"இல்லம்மா."

"சத்தியமா?"