தடித்த கேபிளும் ஒல்லிக் கேபிளும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பூஜைக்காகத் திருச்செங்கோடு போயிருந்தேன். கோயிலில் அல்ல... ஷெட்டில். ரிக் வண்டிக்குப் பூஜை!

என் தங்கை மாலதியின் கணவர் குமரேசன் போர்வெல் போடும் தொழில் செய்கிறார். புதிதாக இன்னொரு வண்டி வாங்கியிருந்தார். எங்கள் பக்கம் புது ரிக் என்றால் சும்மாவா? பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் விருந்து வைத்துத்தான் வடக்கே வேலைக்கு அனுப்புவார்கள். இந்த முறை விருந்துக்கு முன்னால் ஒரு விசேஷம் — மாலதியின் கிடார்.

மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். "இந்த வயசுல இதென்ன கூத்து?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. குமரேசனுக்கோ பெருமை தாங்கவில்லை. சேலத்துக்குப் போய் ஆம்ப்ளிஃபயர், அதற்குத் தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கேபிள் என்று எல்லாம் வாங்கி வந்துவிட்டார். பூஜையன்று எல்லார் முன்னாலும் வாசித்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் அவர்தான்.

காலையில் நான் போனபோது மாலதியின் முகம் சரியில்லை.

"இன்னிக்குச் சொதப்புச்சுன்னா இதப் பொட்டில போட்டுப் பூட்டிருவேன்ணா. அப்பறம் தொடவே மாட்டேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

விவகாரம் கேபிளில் ஆரம்பித்தது. இருந்தது இரண்டு. ஒன்று தடித்தது, இன்னொன்று ஒல்லி. ஆனால் இரண்டின் முனையிலும் ஒரே மாதிரி பின். எதில் செருகினாலும் 'டக்'கென்று உட்காரும். குமரேசன் தடித்ததை எடுத்து கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் செருகினார். ஒல்லியை ஸ்பீக்கருக்குக் கொடுத்தார்.

"மாத்திக் குடுங்க. ஒல்லியா இருக்கறதுதானுங்க கிடாருக்கு" என்றாள் மாலதி.

"ஒயருல போயி கஞ்சம் புடிப்பாங்களா? ஆயிரம் அடியில மோட்டார எறக்கறவன் நானு. ஒல்லி ஒயரு போட்டா காயிலு கருகிப் போயிரும். இது கையில புடிக்கற சாமான் வேற... ஷாக் கீக் அடிச்சா என்ன பண்றது? நல்ல ஒயரு உனக்குத்தான்!"

அவர் பேச்சில் இருந்தது அத்தனையும் அக்கறை. தொழில் அனுபவம் வேறு. போதாக்குறைக்கு அது அவருடைய நாள். அவள் கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பூஜைத் தட்டை எடுக்கப் போய்விட்டாள்.

பூஜை முடிந்தது. ஷெட்டில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் சீரியல் லைட், ட்யூப் லைட், பக்கத்திலேயே ஜெனரேட்டர். மாலதி தந்தியைத் தொடுவதற்கு முன்பே ஸ்பீக்கர் ஆரம்பித்துவிட்டது — "ம்ம்ம்ம்ம்...". அவள் வாசித்தாள். இரைச்சல்தான் கேட்டது, பாட்டைக் காணோம்.

"ஏம்ப்பா குமரேசா, கம்ப்ரசர நிறுத்தாம உட்டுட்டியா?" என்றார் முன்வரிசையில் இருந்த அவருடைய மாமா. ஷெட்டே சிரித்தது.

"சவுண்ட ஏத்து மாலதி!" என்று கத்தினார் குமரேசன்.

கிடாரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாளோ? போனால் அத்தோடு சரி. திரும்ப எடுக்க மாட்டாள்.

மாலதி எழுந்தாள். உள்ளே போகவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். குனிந்து இரண்டு கேபிளையும் பிடுங்கினாள். அத்தனை பேர் பார்க்க, புருஷன் கொடுத்த கனெக்‌ஷனை, அவருடைய பூஜையன்றே மாற்றினாள்!

"ஏனுங்க, தடிச்சது ஸ்பீக்கருக்குத்தான் வேணும். எனக்கு இது போதுமுங்க."

குமரேசன் முகம் கறுத்துவிட்டது.

விஷயம் இதுதான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது பலமான கரண்ட். அதற்குத் தடித்த கம்பி வேண்டும். அங்கே ஒல்லியைப் போட்டுவிட்டு சவுண்டை ஏற்றிக்கொண்டே போனால், கேபிள் சூடாகி ஆம்ப்ளிஃபயரையே காவு வாங்கிவிடலாம். கிடாரிலிருந்து வருவதோ பூனைக்குட்டிக் குரல். அதற்குப் பருமன் எதற்கு? லைட், ஜெனரேட்டர் இரைச்சலெல்லாம் உள்ளே புகாமல் சுற்றிலும் ஒரு பின்னல் உறை வேண்டும். அந்த உறை ஒல்லிக் கேபிளில்தான் இருந்தது. பிள்ளைகளுக்குக் கிடார் வாங்குகிறவர்கள் கவனியுங்கள் — பின்னைப் பார்த்து ஏமாறாதீர்கள். எதற்கான கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்.

ஊர் திரும்பும்போது சேலம் பஸ்ஸில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பிரியம் என்றாலே நமக்குக் கனமாகக் கொடுக்கத்தான் தெரிகிறது. பெரிய ஃப்ரிட்ஜ், தடிமனான செயின், பெரிய ஸ்பீக்கர்... வாங்கிக்கொள்கிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறோமா? மெல்லிய குரலில் பேசுகிறவருக்கு, சுற்றியிருக்கும் சத்தத்தைக் கொஞ்சம் தடுத்துக் கொடுத்தால் போதாதா?

சரி, ஷெட்டில் என்ன ஆச்சு என்கிறீர்களா? மாலதி மறுபடி ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள். இரைச்சல் இல்லை. வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது.

மாமா விடுகிற ஆளா? "அப்ப தப்பாக் குடுத்தது நீதானா குமரேசா? இத்தன வருசமா ஒயரு இழுத்து..." என்று ஆரம்பித்தார்.

குமரேசன் மாமாவின் காதருகே குனிந்தார்.

"ஆமாங்க மாமா, தப்பு என்னுதுதான். அவ அப்பவே சொன்னா. செத்த பேசாம இருங்க... அவ வாசிக்கட்டும்."

வண்டி இரைச்சலை மீறி நாளெல்லாம் கத்துகிற மனிதர்... அவர் கிசுகிசுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்!